ஏற்காட்டுல குளிரும், நிறுத்தின காருக்குள்ள குளிராது

ஒரு கேள்வி. ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பர்ல, பார்ட் பி-யில 13 மார்க்குக்கு இதைக் கேட்டதா நினைச்சுக்கோங்க.

ஏற்காடு ஏரிக்கரை. காலை 11 மணி. வானம் தெளிவா இருக்கு. வெளியே 24 டிகிரி. கண்ணாடி எல்லாம் ஏத்தி நிறுத்தின ஒரு காருக்குள்ள 20 கிலோ எடையில ஒரு நாய். கூட வந்தவங்க எல்லாரும் போட்டிங் போயிட்டாங்க, திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். நாய் என்ன ஆகும்?

பத்துப் பேர்கிட்ட கேட்டா எட்டுப் பேர் "24 டிகிரிதானே, ஜில்லுனு இருக்கும், ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லுவாங்க. சேலத்துல மே மாசம் வெயில்ல யாரும் நாயைக் காருக்குள்ள விட்டுட்டுப் போகத் துணிய மாட்டாங்க. கதவைத் திறந்தாலே அனல் அடிக்கும், அதுவே எச்சரிக்கை. ஏற்காட்டுல அந்த எச்சரிக்கை கிடையாது. கொண்டை ஊசி வளைவு இருபதும் ஏறி முடிச்சதும் ஒரு குளிர்காத்து முகத்துல படும் பாருங்க, அதுதான் நம்மளை ஏமாத்துது. இந்தக் கட்டுரை அந்த ஏமாற்றத்தைப் பத்தித்தான்.

முதல்ல, ஏற்காடு ஏன் குளிருது? சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா ஆறரை டிகிரி குறையும்னு படிச்சிருக்கோம். 1,200 மீட்டர் ஏறினா எட்டு டிகிரி. கணக்கு சரியா வருது. ஆனா இங்க குறையுறது காத்தோட வெப்பநிலை மட்டும்தான். சூரியன்ல இருந்து வர்ற கதிர்வீச்சு மலை ஏறினா குறையாது, கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஏன்னா மேல இருக்குற காத்து மண்டலத்தோட கனம் குறைவு. தெளிவான வானத்துல மதியம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் வந்து விழும். சேலத்துல இருந்தாலும் சேர்வராயன் கோயில் உச்சியில இருந்தாலும் இதுதான் நிலைமை.

இன்னொரு விஷயம், இதைப் பெரும்பாலும் யாரும் யோசிக்கிறதில்ல. ஏற்காடு வடக்கு அட்சரேகை 11.8 டிகிரிக்குப் பக்கத்துல இருக்கு. அதனால சூரியன் வருஷத்துல ரெண்டு தடவை ஏற்காட்டுக்கு நேர் உச்சியில வரும்: ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒரு தடவை, ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி ஒரு தடவை. கோடை விழா நடக்குற மே மாசத்துல மதியச் சூரியன் தலைக்கு நேர் மேலயோ, கொஞ்சம் வடக்குப் பக்கமோதான் இருக்கும். கட்டடத்துக்கு வடக்குப் பக்கம் நிழலா இருக்கும்னு நாம பழகி வெச்சிருக்கோம் இல்லையா, அது டிசம்பருக்குத்தான் பொருந்தும். மே மாசம் மதிய நிழல் தெற்குப் பக்கம், அதுவும் ஒரு முழம்தான் விழும்.

இப்போ காருக்கு வருவோம். முன் கண்ணாடி, பின் கண்ணாடி, பக்கக் கண்ணாடி எல்லாம் சேர்ந்து சுமாரா ஒரு கிலோவாட் உள்ளே விடுதுன்னு வெச்சுக்கோங்க. வீட்டு அயர்ன் பாக்ஸ் ஒண்ணை ஆன் பண்ணி சீட்ல வெச்சுட்டுப் போற மாதிரி. காருக்குள்ள இருக்குற காத்து 3 கன மீட்டர். ஏற்காட்டு உயரத்துல காத்து சமவெளியை விடச் சுமார் 15 சதவீதம் மெல்லிசு, அதனால கன மீட்டருக்கு ஒரு கிலோ. மொத்தம் 3 கிலோ காத்து. அதை ஒரு டிகிரி சூடாக்க 3 கிலோஜூல் போதும். வர்ற ஒரு கிலோவாட்டும் காத்துக்கே போனா மூணு செகண்டுக்கு ஒரு டிகிரி ஏறணும்! நிஜத்துல அப்படி ஏறாது. டேஷ்போர்டு, சீட்டு, இரும்பு எல்லாம் பெரும்பங்கைக் குடிச்சுக்கும், பாடி வழியா வெளியேயும் போகும். ஆனா காத்து எவ்வளவு சுலபமா சூடாகும்னு இந்தக் கணக்கு காட்டுது.

நிஜத்துல எவ்வளவு ஏறும்னு அளந்து பார்த்திருக்காங்க. 2005-ல பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழ்ல வந்த ஒரு ஆய்வு. கலிஃபோர்னியாவுல 16 தெளிவான நாள்கள்ல, அடர் நிற செடான் கார் ஒண்ணை வெயில்ல நிறுத்தி உள் வெப்பநிலையை எடுத்தாங்க. குழந்தைகளைக் காருக்குள்ள விட்டுட்டுப் போறதைப் பத்தின ஆய்வு அது, ஆனா கார் கார்தானே. வெளி வெப்பநிலை 22 டிகிரியில இருந்து 36 டிகிரி வரை மாறுச்சு. எந்த நாளா இருந்தாலும் ஒரு மணி நேரத்துல உள்ளே ஏறினது சராசரியா 22 டிகிரி. அதுல 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்துலயே ஏறிடுச்சு. வெளியே 22 டிகிரி இருந்த குளுமையான நாள்லயும் உள்ளே 47 டிகிரி வரை போச்சு.

திரும்பப் படிங்க: வெளியே 22, உள்ளே 47. 22 டிகிரிங்கறது சென்னை நாள் இல்ல, ஏற்காட்டு நாள். நம்ம 13 மார்க் கேள்விக்கு விடை இதுலயே கிடைச்சிடுச்சு. 24 கூட்டல் 22, ஒரு மணி நேரத்துல 46.

"கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டா?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும். அதே ஆய்வுல கண்ணாடியைச் சுமார் 4 சென்டிமீட்டர் இறக்கியும் பார்த்தாங்க. சூடு ஏறுற வேகம் கண்ணுக்குத் தெரியாத அளவு குறைஞ்சுது, கடைசியில போய்ச் சேர்ந்த வெப்பநிலையில வித்தியாசமே இல்ல. காரணத்தை யோசிச்சா ஆச்சரியமா இருக்காது. கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், அகச்சிவப்பை வெளியே விடாதுன்னுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தது. அது உண்மைதான், ஆனா பாதிக் கதை. 1909-லயே ஆர். டபிள்யூ. வுட் என்ற இயற்பியலாளர் ஒரு பெட்டியைக் கண்ணாடியாலயும், இன்னொண்ணை அகச்சிவப்பை வெளியே விடுற கல்லுப்புப் பலகையாலயும் மூடி வெயில்ல வெச்சுப் பார்த்தார். ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சூடாச்சு. ஆக பெரிய குற்றவாளி அடைபட்ட காத்து. சூடான காத்து வெளியேறி, குளிர்ந்த காத்து உள்ளே வரணும். நாலு சென்டிமீட்டர் இடுக்குல, காத்தே அடிக்காத பார்க்கிங்ல, அது நடக்காது. நல்லாவே இறக்கி விடலாம்னா, ஏற்காட்டுல குரங்கு இருக்கு. கையில இருக்குற சிப்ஸ் பாக்கெட்டையே பிடுங்குற கூட்டம், திறந்த ஜன்னலையும் உள்ளே குரைக்குற நாயையும் பார்த்தா என்ன நடக்கும்னு நான் எழுத வேண்டியதில்ல.

நிழல்ல நிறுத்தினா நல்லதுதான், ஆனா போதாது. 2018-ல அமெரிக்காவுல அரிசோனாவுல வந்த ஆய்வு ஒண்ணு. வெயில்ல நின்ன கார்கள் ஒரு மணி நேரத்துல சராசரி 47 டிகிரி, நிழல்ல நின்னவை சராசரி 38. அங்க வெளிவெயில் நம்ம வேலூர் மாதிரி, 38-க்கு மேல. அதனால அந்த எண்ணை அப்படியே ஏற்காட்டுக்குப் போட முடியாது. ஆனா நிழலுக்கும் வெயிலுக்கும் இடையில இருக்குற அந்த 9 டிகிரி முக்கியம். ஏன்னா நிழல் நகரும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருது. காப்பித் தோட்டத்து ஓரம் சில்வர் ஓக் மரத்தடியில 10 மணிக்கு நிறுத்தின கார் 11 மணிக்கு முழு வெயில்ல நிக்கும். அதுலயும் சில்வர் ஓக் உயரமான, ஒடுக்கமான மரம். ஆலமரம் மாதிரி விரிஞ்ச நிழல் தராது. மூடுபனியும் இதே கதைதான். காலையில எட்டரை மணிக்கு லேடீஸ் சீட் பக்கம் பத்தடிக்கு அப்பால ஒண்ணும் தெரியாது. "வெயிலே இல்லையே"ன்னு விட்டுட்டுப் போவீங்க. பத்து மணிக்குப் பனி விலகினதும் வெயில் ஒரே அடியா வரும். அப்ப நீங்க காருக்குப் பக்கத்துல இருக்க மாட்டீங்க.

நாய்ப் பக்கத்துக் கணக்கு

46 டிகிரி நமக்கும் கஷ்டம்தான், ஆனா நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்துல மட்டும்தான் வியர்வைச் சுரப்பி வேலை செய்யுது. மத்தபடி அதுக்கு இருக்குற ஒரே ஏசி நாக்கும் மூச்சும். நாக்கைத் தொங்கப் போட்டு நிமிஷத்துக்கு 300 தடவை வரைக்கும் மூச்சு இரைக்கும். அந்த ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டை எடுத்துட்டுப் போகும்.

இந்த ஏசிக்கு ஒரு நிபந்தனை இருக்கு: சுத்தி இருக்குற காத்துல ஈரத்துக்கு இடம் இருக்கணும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 கிலோ நாய் சும்மா படுத்திருந்தாலே சுமார் 32 வாட் சூட்டை உண்டாக்கும். அதை முழுக்க ஆவியாக்கித்தான் வெளியேத்தணும்னா மணிக்குக் கிட்டத்தட்ட 48 கிராம் தண்ணி ஆவியாகணும். 30 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து அதிகபட்சம் 30 கிராம் ஈரத்தைத் தாங்கும். மூணு கன மீட்டருக்கு 90 கிராம். மழைக்காலத்து ஏற்காட்டுக் காத்துல பாதிக்கு மேல ஏற்கனவே ஈரம் நிரம்பித்தான் இருக்கும். மிச்சம் முப்பது, நாப்பது கிராம். மூச்சு இரைக்குற நாய் படுத்திருக்குற நாயை விட அதிகச் சூட்டை உண்டாக்கும், அதிக ஈரத்தை வெளியே விடும். கார் முழுக்கக் காத்துப் புகாத பெட்டி இல்லைதான், சூடு ஏற ஏற காத்தோட கொள்ளளவும் கூடும்தான். ஆனாலும் போக்கு புரியுதில்லையா? நாய் தன்னைக் காப்பாத்திக்க எடுக்குற ஒவ்வொரு மூச்சும் அது இருக்குற அறையைக் கொஞ்சம் கொஞ்சமா இட்லிச் சட்டி ஆக்குது.

நாயோட இயல்பான உடல் வெப்பநிலை 38.3-ல இருந்து 39.2 வரை. 41-ஐத் தாண்டினா ஹீட் ஸ்ட்ரோக். 43-ஐ நெருங்கினா மூளை, சிறுநீரகம், குடல்னு ஒவ்வொண்ணா பழுதாகும். நடுவுல இருக்குறது வெறும் ரெண்டு டிகிரி. பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு இன்னும் மோசம். ஹட்ச் விளம்பரத்துல வந்த பிறகு நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு வந்துச்சே, அந்த நாய்தான். அதுங்களுக்குச் சும்மா இருக்கும்போதே மூச்சுப் பாதை இறுக்கம். இந்த வகை நாய்களைக் காருக்குள்ள தனியா விடுற கேள்விக்கே இடம் இல்ல. பூனை வேற ரகம். அது சூட்டைக் காட்டிக்காம சீட்டுக்கு அடியில ஒளிஞ்சுக்கும். பூனை வாயைத் திறந்து மூச்சு இரைச்சா அது ஏற்கனவே அவசர நிலை.

இங்க ஒரு விஷயத்தை நியாயமாச் சொல்லணும். 2020-ல பிரிட்டன்ல ராயல் வெட்டர்னரி காலேஜ் ஒன்பது லட்சத்துக்கும் மேலான நாய்களோட மருத்துவப் பதிவுகளை அலசி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வெப்பத்தால நோய்ப்பட்ட நாய்கள்ல காருக்குள்ள சிக்கினவை 5 சதவீதம் சுமார்தான். நாலுல மூணு பங்கு, நடந்தும் ஓடியும் சூடானவை! இதைப் பார்த்துட்டு "அப்ப கார் பெரிய ஆபத்து இல்ல"ன்னு சிலர் சொல்லுவாங்க. ஏற்காட்டுல இந்த ரெண்டும் தனித்தனியா நடக்காது. கிளியூர் அருவிக்கு நாயையும் கூட்டிட்டுப் படி இறங்குவாங்க. இறங்குறது சுலபம், ஏறும்போது நமக்கே முட்டி கழண்டுடும். மேல வந்ததும் "பாவம், டயர்டா இருக்கான், காருக்குள்ள தூங்கட்டும்"னு விட்டுட்டு எல்லாரும் சாப்பிடப் போவாங்க. 40 டிகிரியை ஏற்கனவே தொட்ட ஒரு உடம்பைச் சூடாகிட்டு இருக்குற பெட்டிக்குள்ள வைக்குறாங்க. நடந்து வந்த நாய் மூச்சு இரைக்குறது முழுசா நிக்குற வரைக்கும் திறந்த வெளியில, நிழல்ல, தண்ணியோட, ஆளோட இருக்கணும்.

கேரவன் வந்தா பிரச்சினை தீர்ந்துடுமா?

கேரவன்னா ரொம்ப நாளா நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ உட்கார்ற வண்டிதான். 2021-ல கேரளா 'கேரவன் கேரளா' திட்டத்தை ஆரம்பிச்சதுக்கு அப்புறம் இந்தப் பக்கமும் டெம்போ டிராவலரைப் படுக்கை, அடுப்பு, ஏசியோட மாத்தின வண்டிகள் வாடகைக்குக் கிடைக்குது. எட்டுப் பேர் காசு போட்டா ஹோட்டலை விட மலிவா முடியுது. "செல்லப் பிராணிகளுக்கு அனுமதி"ன்னு விளம்பரமும் வருது. நாயை ஏசி போட்டு உள்ளே விட்டுட்டு ஊர் சுத்தலாம்ங்கற நினைப்பு வர்றது இயல்பு.

வண்டி பெருசு, சுவருக்குள்ள ஃபோம் இருக்கு, அதனால சூடு மெதுவாத்தான் ஏறும். அது நல்லது. ஆனா மெதுவா ஏறுறது வேற, ஏறாம இருக்குறது வேற. அந்த ஏசி நிக்காம ஓடணும். எதுல ஓடுது?

பேட்டரியிலன்னா கணக்கு இப்படி. ஒரு டன் ஏசிக்குச் சுமார் 1.1 கிலோவாட் வேணும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில இருக்குறது 1.2 கிலோவாட்-அவர். அதுல பாதிக்கு மேல எடுத்தா பேட்டரி கெட்டுடும். இன்வெர்ட்டர்ல போறது போக, ஏசி அரை மணி நேரம் ஓடும். 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியா இருந்தா ரெண்டு மணி நேரம். வாடகைக்கு எடுக்கும்போது "ஏசி ஓடுமா?"ன்னு கேட்டா "ஓடும் சார்"னு சொல்லுவாங்க. எவ்வளவு நேரம்னு கேளுங்க. பேட்டரி மேல எழுதியிருக்குற எண்ணைப் பார்த்து நீங்களே பெருக்கிக்கோங்க. கரண்ட் அக்கவுண்ட் படிக்கத்தானே நாலு வருஷம் வந்தோம்.

தங்குற இடத்துல பிளக் போட்டுக்கலாம்னா, மலையில மரக்கிளை விழுந்து கரண்ட் போறது சகஜம். போய் வந்தா எல்லா ஏசியும் தானா மறுபடி ஓடாது. சிலது ரிமோட் அழுத்துற வரைக்கும் அப்படியே கிடக்கும். ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே மெயினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க, ஒரு நிமிஷ வேலை.

மூணாவது வழி ஜெனரேட்டர். இதைப் பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும். 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரையில சாலையோரம் நின்ன ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. காரணம் கார்பன் மோனாக்சைடு. ஏசி ஓடுறதுக்காகப் போட்ட ஜெனரேட்டரோட புகை, வண்டித் தளத்துல இருந்த ஓட்டை வழியா உள்ளே வந்ததா கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதனை பண்ணிக் கண்டுபிடிச்சாங்க. நல்லா இருந்த, கதவைத் திறக்கத் தெரிஞ்ச, பெரிய மனுஷங்க. அவங்களுக்கே தெரியலைன்னா, வாசனையே இல்லாத அந்த வாயுவை, தரையோட படுத்திருக்குற நாய் என்ன பண்ணும்? இன்ஜினை ஓட விட்டு ஏசி போடுறதுலயும் இதே ஆபத்து உண்டு, பின்பக்கம் மண் மேட்டுல இடிச்ச மாதிரி நிறுத்தியிருந்தா இன்னும் கூட. ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் கேரவன்ல ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தே ஆகணும்ங்கறது என் கருத்து.

அடுப்பு விஷயம் சின்னது, ஆனா மறந்துடாதீங்க. சமையல் கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா தரையிலதான் தேங்கும். நாயோட மூக்கு இருக்குறதும் அங்கதான். கிளம்பும்போது அடுப்புத் திருகை மட்டும் மூடினா போதாது, சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடுங்க. கழுத்துப் பட்டையில கயிறைக் கட்டி சீட்ல முடிஞ்சுட்டுப் போகாதீங்க, குதிச்சா தூக்கு. மலைச் சரிவுல நிறுத்தினா சக்கரத்துக்குக் கல் வெச்சு, கியர்ல போட்டு, ஹேண்ட் பிரேக் போடுங்க.

அலாரம் செய்யலாமா?

நம்ம ஆளுங்க இதைப் படிச்ச உடனே "மச்சி, ஐ.ஓ.டி. ப்ராஜெக்ட்"னு கிளம்பிடுவாங்கன்னு தெரியும். செய்யுங்க, நல்ல மினி ப்ராஜெக்ட்தான். ஒரு இ.எஸ்.பி. 32, ஒரு டி.எச்.டி. 22 சென்சார், ஒரு ஜி.எஸ்.எம். மாட்யூல். ஆயிரத்துச் சொச்சம்தான் ஆகும். ரெண்டு எச்சரிக்கை மட்டும். எல்லாரும் வாங்குற சிம் 800 எல் மாட்யூல் 2ஜி-யில மட்டும்தான் வேலை செய்யும், ஜியோவுல 2ஜி கிடையாது. அதுல ஜியோ சிம்மைப் போட்டு ராத்திரி முழுக்க கோடைத் திட்டிட்டு இருக்காதீங்க. மெசேஜ் அனுப்புற நொடியில அது ரெண்டு ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். போர்டுல இருந்து பவர் எடுத்தா ரீசெட் ஆகிட்டே இருக்கும், தனி சப்ளை கொடுங்க.

ஆனா முக்கியமான பிழை சர்க்யூட்ல இருக்காது, டிசைன்ல இருக்கும். "30 டிகிரியைத் தாண்டினா மெசேஜ் அனுப்பு"ன்னு எழுதினா, மெசேஜ் வராத வரைக்கும் நீங்க நிம்மதியா இருப்பீங்க. பேட்டரி செத்தாலும் மெசேஜ் வராது. நாகலூர் பக்கமா வளைஞ்சு போற அந்த 32 கிலோமீட்டர் வட்டப் பாதையில டவர் போச்சுன்னாலும் வராது. மௌனத்தை நல்ல செய்தின்னு எடுத்துக்குற எந்த அலாரமும் ஆபத்து. அதனால தலைகீழா எழுதுங்க. கருவி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையை அனுப்பிட்டே இருக்கணும். பத்து நிமிஷம் எதுவும் வரலைன்னா உங்க போன் கத்தணும். மைக்ரோகன்ட்ரோலர்ல படிச்ச வாட்ச்டாக் டைமர் இதேதான், காவலுக்கு நாய்ப் பேரே வெச்சிருக்காங்க.

அப்பவும் இன்னொரு கேள்வி மிச்சம்: போன் கத்தின பிறகு எத்தனை நிமிஷத்துல வண்டிக்குப் போக முடியும்? முன்னாடி சொன்ன ஆய்வுப்படி கார்ல முதல் அரை மணி நேரத்துல 18 டிகிரி ஏறும். 24-ல இருந்து 30 ஆக பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம்தான் உங்க கயிறோட நீளம். பகோடா பாயிண்ட்ல வண்டிக்குப் பக்கத்துல நின்னு பள்ளத்தாக்கைப் பார்க்குறது கயிறுக்கு உள்ளே. ஏரி நடுவுல படகுல இருக்குறது வெளியே. கிளியூர் படிக்கட்டு வெளியேயும் வெளியே.

எல்லாத்தையும் விட நம்பகமான கருவி ஒரு ஆள். எட்டுப் பேர் போனா, ஒவ்வொரு இடத்துலயும் ஒருத்தர் நாயோட வெளியில மரத்தடியில உட்காருங்க, அடுத்த இடத்துல வேற ஒருத்தர். எட்டு இடத்துக்கு ஒரு ஆள் ஒரு இடத்தைத்தான் இழப்பார். டிரைவர் அண்ணனை நம்பி விட்டா அவர்கிட்ட வெளிப்படையாச் சொல்லுங்க, "அண்ணா, டீக்குப் போனா ஒரு போன் பண்ணுங்க, நாங்க வந்துடுறோம்"னு. அவருக்கு அது வேலை நேரத்துல கூடுதல் வேலை, அதுக்குத் தனியாக் கொடுங்க. ரெண்டு நாள் பயணத்துல பாதி இடத்துக்கு நாயை உள்ளே விட மாட்டாங்கன்னு தெரிஞ்சா, பக்கத்து வீட்டு அக்காகிட்ட விட்டுட்டு வர்றதுதான் நாய்க்குப் பிடிச்ச ஏற்காடு.

ஏற்காட்டுக்குன்னே இருக்குற ஆபத்து ஒண்ணு: காப்பித் தூள். திரும்பும்போது எல்லாரும் அரைக் கிலோ வாங்குவோம், கூட ஹோம்மேட் சாக்லேட். ரெண்டையும் பின் சீட்ல நாய் பக்கத்துல வெச்சுட்டு டீ குடிக்க இறங்குவோம். அராபிகா காப்பித் தூள்ல சுமார் 1.2 சதவீதம் கஃபீன். 100 கிராம் தூள்ல 1,200 மில்லிகிராம். பத்துக் கிலோ நாய் அதைத் தின்னா, கிலோவுக்கு 120 மில்லிகிராம். நாய்க்கு இருபதுலயே படபடப்பு ஆரம்பிக்கும், அறுபதுக்கு மேல வலிப்பு, நூறைத் தாண்டினா சாவு வரைக்கும் போகலாம். சாக்லேட்ல இருக்குற தியோப்ரோமினும் அதே குடும்பம். டிக்கியில வைங்க.

சூடு பட்டுடுச்சுன்னா

அளவுக்கு மீறின மூச்சிரைப்பு, கயிறு மாதிரி ஒழுகுற எச்சில், ஈறு ரத்தச் சிவப்பாகுறது, தள்ளாட்டம், வாந்தி. இதுல எதைப் பார்த்தாலும் முதல்ல தோணுறது "வண்டியை எடு, சேலத்துக்குப் போ". இங்க கொஞ்சம் யோசிக்கணும். கீழ இறங்க இறங்க வெளியே எட்டு டிகிரி கூடுது. வளைவுக்கு வளைவு குலுங்குது. சூடான நாயை இன்னும் சூடான ஊருக்குக் கொண்டு போறீங்க. கால்நடை மருத்துவர்கள் இப்போ சொல்ற வரிசை: முதல்ல குளிர்ப்பி, அப்புறம் கொண்டு போ. நிழலுக்குத் தூக்கிட்டு வந்து, குழாய்த் தண்ணியை உடம்பு முழுக்க, முக்கியமா வயிறு, தொடை இடுக்கு, கழுத்துல ஊத்துங்க. கூடவே அட்டையோ நோட்டோ எடுத்து விசிறிக்கிட்டே இருங்க, ஆவியானாத்தான் குளிரும். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீங்க. கொஞ்ச நேரத்துல துண்டு சூடாகிக் கம்பளி ஆகிடும். நினைவு இருந்தா தண்ணி வைங்க, தானா குடிக்கட்டும். வாய்ல ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும். ஒருத்தர் இதைச் செய்யும்போதே இன்னொருத்தர் 1962-க்கு, அதாவது கால்நடை ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க, பக்கத்துல யார் டாக்டர்னு விசாரிங்க. மூச்சு நிதானமானதும் ஏசி போட்டு, உடம்பு ஈரத்தோடவே கூட்டிட்டுப் போங்க. தேறின மாதிரி எழுந்து நடந்தாலும் டாக்டர்கிட்ட காட்டாம விடாதீங்க. சிறுநீரகப் பாதிப்பு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சும் தெரியலாம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டா, கேவலமா இருக்கும். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11. தேவையில்லாத வேதனை தர்ற மாதிரி விலங்கைக் கொண்டு போறதும் அடைச்சு வைக்குறதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் குறைஞ்சது பத்து ரூபாய், அதிகபட்சம் அம்பது ரூபாய். ஏற்காட்டுல ரெண்டு மிளகாய் பஜ்ஜி பிளேட் விலை. அபராதத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போறதில்ல.

அதனால பார்க்கிங்ல வேற யாரோ ஒருத்தர் காருக்குள்ள ஒரு நாய் நாக்கைத் தள்ளிட்டு இருக்குறதைப் பார்த்தா, நம்ம வேலை இல்லைன்னு போயிடாதீங்க. வண்டி நம்பரைக் குறிச்சுக்கிட்டு டிக்கெட் கவுண்டர்ல சொல்லுங்க. கோடை விழா சமயமா இருந்தா மைக் இருக்கும், அறிவிக்கச் சொல்லுங்க. மத்தவங்க பக்கத்துக் கடைகள்ல நம்பரைச் சொல்லித் தேடட்டும். ஆள் வரலைன்னா 112. அதுவரைக்கும் வெயில் அடிக்குற கண்ணாடிப் பக்கம் துண்டோ துப்பட்டாவோ விரிச்சுப் போட்டு, ஒருத்தர் மட்டும் அங்கேயே நில்லுங்க.